சப்பாத்து கேட்காத கால்



ஸுபஹ் முதல் இஷா வரை நமது பாதம் செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். குந்துகிறோம், பாயில் சம்மணம் போடுகிறோம், வயல் வரம்பில் வெறுங்காலோடு நடக்கிறோம், தொழுகை இருப்பில் பாதத்தை மடிக்கிறோம். சமதரையில் நடக்கும்போது கணுக்கால் மேல்நோக்கி ஏறக்குறைய 10 பாகைதான் மடிகிறது. குந்துவதற்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு மடிய வேண்டும். வரம்பில் பாதம் பக்கவாட்டில் சரிய வேண்டும். சம்மணத்தில் உள்நோக்கித் திரும்ப வேண்டும்.

1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான 'சாச்' எனும் செயற்கைப் பாதம் பல நாடுகளுக்கும் பரவியது. குதியில் மெத்தென்ற றப்பர், நடுவே விறைப்பான கட்டை, கணுக்கால் அசையாது. சப்பாத்துப் போட்டு, கதிரையில் இருந்து வாழ்பவருக்கு அது போதும். ஆனால், இந்தியாவின் ஜெய்ப்பூரில் இத்தகைய கால்களைப் பெற்ற கிராமத்து ஏழைகள் பலர், அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள்.

அங்கே எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து 1968 அளவில் வேறொரு பாதம் செய்தார்கள். குதிக்கும் முன்பாதத்துக்கும் பஞ்சு போன்ற றப்பர், கணுக்காலுக்கு மரத்துண்டு. மேலே றப்பரைச் சுற்றி, அச்சில் வைத்துச் சூடாக்கி ஒன்றாக்கினார்கள். டயருக்கு றப்பர் ஒட்டும் அதே முறைதான். நடுவே நீண்ட விறைப்புக் கட்டை இல்லாததால் பாதம் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுத்தது. சப்பாத்தும் தேவைப்படவில்லை. சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது.

அந்த ஜெய்ப்பூர் கால் 1980களில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. யுத்தத்தில் கால் இழந்த எத்தனையோ பேரை அது எழுந்து நடக்க வைத்தது.

யுத்தம் முடிந்துவிட்டது. ஆனால் சீனி வருத்தத்தால் காலை எடுக்க நேர்ந்தவர்கள் இன்று நமது ஊர்களில் இருக்கிறார்கள். கதிரையில் இருந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு, அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கதிரை வரை அவர் எப்படி வந்து சேருவார்? வுழூச் செய்யும் ஈரத் தரையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கிறதா? பாடசாலை வாசலில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் இருக்கிறதா?

சேத்தியும் சர்மாவும் முதலில் பார்த்தது, தங்களிடம் வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள், எழும்புகிறார்கள், வேலை செய்கிறார்கள் என்பதைத்தான். நாமும் அடுத்த கட்டட வேலைக்குக் காசு சேர்க்கும் முன், நம் தெருவில் ஊன்றுகோலோடு நடப்பவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு எது கஷ்டம்?" என்று கேட்போம், இன்ஷா அல்லாஹ்.