ஸ்டெப்னியிலிருந்து இம்பாக்ட் ரெஞ்ச் வரை: ஒரு வீல் நட்டின் வரலாறு

சிவகிரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜமீனில் ஆரம்பிப்பார்கள். நான் ரோட்டில் ஆரம்பிக்கிறேன். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, ராஜபாளையம் தாண்டியதும் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று மலையை ஒட்டியே போகிறது. வருஷம் பூரா கேரளாவுக்குச் சரக்கு லாரி, சீசன்ல குற்றாலத்துக்குக் கார், கார்த்திகை பிறந்துட்டா சபரிமலை வேன். இப்படிப்பட்ட ரோட்டில் டீக்கடைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது பஞ்சர் கடைதான்.

அந்தக் கடைகளில் கேட்கிற "டர்ர்ர்" சத்தம் இப்போது வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்சை ஆன்லைனில் வாங்கி, சொந்தக் காரின் சக்கரத்தைத் தாங்களே கழற்றி மாட்டுகிறார்கள். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மாடல் பெயர் சொல்வதில்லை. இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எதை வாங்குவது, அதை வைத்து எதைச் செய்யக் கூடாது என்பது தானே விளங்கிவிடும்.

ஸ்டெப்னி என்ற தெரு

முதலில் ஒரு சொல். மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் 1904ல் மாற்றுச் சக்கரம் ஒன்றை விற்க ஆரம்பித்தார். அன்றைய கார்களின் சக்கரத்தை வழியில் கழற்ற முடியாது. டயர் பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். டேவிஸ் விற்றது ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதன் மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதைக் கவ்வ வைத்து ஓட்டிக்கொண்டு போகலாம். சில வருஷங்களில் நட்டைக் கழற்றினால் முழுச் சக்கரமும் கையோடு வரும் கார்கள் பரவின. டேவிஸின் வளையத்துக்கு வேலை இல்லாமல் போச்சு. இங்கிலாந்திலேயே அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. நம்ம ஊரில் இன்னும் உயிரோடு இருக்கு.

தமிழ்நாட்டில் மோட்டார் போக்குவரத்து வேர்விட்டதும் அதே காலத்தில்தான். 1910களில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூர் – புதுக்கோட்டை தடத்தில் பஸ் ஓட்டினார். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணி பொறுக்கினார்கள் என்று டி.வி.எஸ். பற்றி ஒரு கதை சொல்வதுண்டு. பஞ்சர் அன்றைக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு அந்தக் கதையே போதும்.

சுத்தியல் சுழல ஆரம்பித்த கதை

இறுகிய நட்டைக் கழற்ற நம் மெக்கானிக்குகள் என்ன செய்வார்கள்? ஸ்பேனரை மாட்டி, அதன் கைப்பிடியில் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு. மெதுவாக அழுத்தினால் அசையாத நட்டு, அடிக்கு அசையும். இம்பாக்ட் ரெஞ்சுக்குள் இருப்பதும் இதே வித்தைதான்.

மோட்டார் ஒரு கனமான இரும்புத் துண்டைச் சுழற்றுகிறது. நட்டு லூசாக இருக்கும்வரை எல்லாம் சேர்ந்து சுற்றும். நட்டு முரண்டு பிடித்ததும் அந்த இரும்பு பிடி நழுவி, வேகமெடுத்து, சாக்கெட்டைப் பிடித்திருக்கும் தண்டில் மோதும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான அடி. ஒவ்வொரு அடியும் மிகக் குறுகிய நேரம் மட்டும் நீடிப்பதால், நட்டுக்குப் போகும் முறுக்குவிசை நம் மணிக்கட்டுக்குத் திரும்பி வருவதில்லை. இரண்டு கிலோ கருவியால் மனுஷனால் முடியாத நட்டைக் கழற்ற முடிவது இதனால்தான்.

இந்த அமைப்போடு முக்கியமாகச் சொல்லப்படும் பெயர் அமெரிக்காவின் எவன்ஸ்வில் நகரைச் சேர்ந்த ராபர்ட் பாட். 1930களில் காப்புரிமை வாங்கினார். தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் பரவியது காற்றில் ஓடும் வகை. காற்றுக்குக் கம்ப்ரஸர் வேண்டும். 1960ல் கோயம்புத்தூரில் தொடங்கிய எல்ஜி எக்விப்மெண்ட்ஸ் கம்ப்ரஸரையும் பட்டறைக் கருவிகளையும் இங்கேயே செய்தது. 1966ல் சென்னை பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் போல்ட்டு நட்டு உற்பத்தியைத் தொடங்கியது. இறுக்குகிற பொருளும், இறுக்குவதற்கான காற்றும் இங்கேயே கிடைக்க ஆரம்பித்தன. ஆனா கம்ப்ரஸர் பெரிசு, விலை கூட, சத்தம் அதிகம். அதனால் இந்தக் கருவி ரொம்ப நாள் கடைக்காரர் கையில் மட்டும்தான் இருந்தது.

வயரை அறுத்தது நாசா இல்லை

பேட்டரிக் கருவியை விண்வெளிக்காக நாசா கண்டுபிடித்தது என்று அடிக்கடி படிக்கிறோம். அது சரியில்லை. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை 1961லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாசா அதற்குப் பிறகுதான் வருகிறது.

எடையில்லாத இடத்தில் சாதாரணக் கருவியால் நட்டைத் திருகினால், நட்டுக்குப் பதிலாக ஆள் சுற்றுவார். அதற்காக, எதிர்விசை வராத ஒரு பேட்டரி இம்பாக்ட் ரெஞ்சைச் செய்தார்கள். 1966 மார்ச்சில் ஜெமினி 8 கலத்தில் டேவிட் ஸ்காட் வெளியே வந்து அதைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தது. கலத்தின் உந்தி ஒன்று பழுதாகி, கலம் தாறுமாறாகச் சுழன்று, பயணத்தையே பாதியில் முடிக்க வேண்டியதாயிற்று. கருவி வெளியே வரவே இல்லை. அதே ஸ்காட் 1971ல் அப்பல்லோ 15ல் போய் பேட்டரி டிரில்லால் நிலாவில் துளை போட்டார்.

இருந்தும் நிக்கல் காட்மியத்துக்குத் தெம்பு போதவில்லை. லித்தியம் அயான் பேட்டரியை 1991ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005ல் மில்வாக்கி நிறுவனம் அதைப் பெரிய பவர் டூலில் வைத்தது. சக்கர நட்டைக் கழற்றும் வலு வீட்டு ஆள் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

விளம்பர எண்களைப் படிக்கும் முறை

இப்போ ஷாப்பிங்குக்கு வருவோம். ஒரே மாதிரி கருவியில் 18 வோல்ட் என்று ஒன்று, 20 என்று ஒன்று, 21 என்று ஒன்று. மூன்றும் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுசா சார்ஜ் ஆனதும் செல்லுக்கு 4.2, ஐந்துக்கு 21. மலிவுக் கருவிகளில் 48, 88, 128 என்றெல்லாம் எழுதி, பின்னால் ஏதோ ஓர் எழுத்தையும் ஒட்டியிருந்தால் அதை வோல்ட் என்று நம்ப வேண்டாம். செல் எத்தனை என்று எண்ணுங்கள்.

அடுத்து முறுக்குவிசை. சின்ன, நடுத்தரக் கார்களின் வீல் நட்டுக்குக் கம்பெனி சொல்வது பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். துருப்பிடித்ததும், யாரோ கன்னால் அளவுக்கு மீறி இறுக்கியதும் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். ஆக, நம்பகமான தயாரிப்பில் 300 – 400 போதும். ஆயிரத்துக்கு மேல் போவது லாரிக்காரருக்கு. அரை இஞ்ச் சதுரத் தண்டு உள்ளதாகப் பாருங்கள். ஸ்குரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவர் வேறு கருவி. அதில் அடாப்டர் போட்டு வீல் நட்டைக் கழற்றினால் அடாப்டர்தான் உடையும்.

பேட்டரி 4 ஆம்பியர் மணி இருந்தால் நல்லது. வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் அதைப் போட்டு வைக்காதீங்க, சூட்டில் செல்லின் ஆயுள் குறையும். சாக்கெட் கருப்பு நிற இம்பாக்ட் வகையாக இருக்கட்டும். பளபளப்பான குரோம் சாக்கெட் கைக்கு மட்டுமானது. சுத்தியல் அடியில் அது தெறித்தால் சில்லு கண்ணுக்குப் போகும்.

கழற்ற கன், இறுக்கக் கை

இந்தக் கருவியின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சாதாரண இம்பாக்ட் ரெஞ்சுக்கு அடிக்கத் தெரியும், எவ்வளவு இறுகியது என்று துல்லியமாகத் தெரியாது.

ஒரு கணக்குப் போடுவோம். காரோடு வரும் எல் ஸ்பேனரின் கை 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடை உள்ளவர் அதன் நுனியில் ஏறி நின்றாலும் கிடைப்பது சுமார் 147 நியூட்டன் மீட்டர். கடையிலோ வீட்டிலோ கன்னால் 300க்கு மேல் இறுக்கிய நட்டை அவரால் அசைக்க முடியாது. சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவில் ராத்திரி பதினோரு மணிக்கு டயர் போனால், டிக்கியில் ஸ்டெப்னி இருந்தும் இல்லாத மாதிரிதான். அதோடு, அதிகமாக முறுக்கிய போல்ட்டு நீண்டு பலவீனமாகும். ஒரு நாள் ஓடும்போதே அறுந்துவிடலாம்.

அதனால் கன்னைக் கழற்ற மட்டும் வையுங்கள். மாட்டும்போது நட்டை விரலால் மூன்று நாலு சுற்று ஏற்றுங்கள், மரை பிசகாது. அப்புறம் நேருக்கு நேர் நட்டுகளாக மாற்றி மாற்றி ஸ்பேனரால் முடுக்குங்கள். காரை இறக்கியபின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடித்துவிட்டு, 50 – 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது. ஸ்டாண்டு கட்டாயம். பட்ஜெட் இடித்தால் கன்னில் கொஞ்சம் குறைத்து டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு டார்க் ரெஞ்சுக்கு.

பஞ்சர் கடையில் சக்கரம் மாட்டி முடித்ததும் காரோடு வந்த ஸ்பேனரால் ஒரு நட்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். உங்களால் மட்டும் முடிந்தால் போதாது, அந்தக் காரை ஓட்டுகிற உங்கள் வீட்டு ஆள் எல்லாராலும் முடியணும். முடியலைன்னா அங்கேயே லூசாக்கி, கையால் சரியாக இறுக்கித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.