கடவுள் உண்மைக்குக் கிறித்தவர் காட்டிய நியாயங்கள்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கடவுள் உண்டு என்பதற்குக் காரணம் காட்ட முற்படுவோர் பெரும்பாலும் கடவுள் இல்லை என்பாரை முன்னிறுத்தியே வாதிடுவர். ஐரோப்பாவிற் கடந்த மூன்று நூற்றாண்டுகளாக எழுந்த சமய நூல்கள் பல இத்தகையனவே. ஆனால், இலங்கையின் கீழைக் கரைக்குக் கிறித்தவம் வந்தபோது அங்கே அதனை எதிர்கொண்டவன் நாத்திகன் அல்லன். பாண்டிருப்பிலே திரௌபதை அம்மனுக்குத் தீ மிதித்தவரும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் பெயராற் கொடியேற்றியவரும் கடவுளை ஐயுற்றவர் அல்லர். எனவே, இப்பகுதியிற் கிறித்தவர் காட்டிய நியாயங்கள் எவை, அவற்றுள் எவை பிற சமயத்தாருக்கும் பொதுவாயின, எவை கிறித்தவத்திற்கே சிறப்பாயின, அவை எவ்வளவு தூரம் பயன் தந்தன என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

மூன்று மரபுகளும் ஒரு நியாயமும்

கிறித்தவ மெய்யியலிற் கடவுள் உண்மையை நிறுவும் முயற்சிக்கு இலக்கணம் போல விளங்குவன தோமஸ் அக்குவைனாஸ் (1225–1274) காட்டிய ஐந்து வழிகளாகும். இயங்கும் பொருளை இயக்குவது ஒன்று வேண்டும். காரியத்துக்குக் காரணம் வேண்டும். இருந்தும் இல்லாதொழியக் கூடிய பொருள்களுக்கு என்றும் உள்ளதொன்று ஆதாரமாதல் வேண்டும். நன்மையிற் கூடுதல் குறைதல் காணப்படுவதால் முழுநன்மை ஒன்று வேண்டும். அறிவற்ற பொருள்கள் ஒழுங்குடன் ஒரு பயன் நோக்கி இயங்குவதால் அவற்றைச் செலுத்தும் அறிவு ஒன்று வேண்டும். இவையே அவ்வைந்தின் சாரம்.

இந்நியாயங்கள் கிறித்தவரின் தனியுடைமை அல்ல. இருந்தே தீர வேண்டிய மெய்ப்பொருள் ஒன்று உண்டென்னும் கருத்தை அக்குவைனாசுக்கு முன்னரே இப்னு சீனா (இறப்பு 1037) விரித்துரைத்தார். தோற்றமுடைய உலகுக்குத் தோற்றுவித்தவன் ஒருவன் வேண்டும் என்பதை இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) வலியுறுத்தினார். அக்குவைனாஸ் வாழ்ந்த அதே பதின்மூன்றாம் நூற்றாண்டிலே, ஐரோப்பாவை அறியாத தமிழகத்தில், மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தை உலகினின்றே தொடங்கினார். தோன்றி நின்று ஒடுங்கும் உலகம் தானே அத்தொழில்களை இயற்றாது, அதற்கு ஒரு வினைமுதல் வேண்டும் என்பதே அந்நூலின் முதற் படி. குடத்திற்கு மண்ணும் திகிரியும் இருந்தாலும் குயவன் இன்றி அமையாது என்னும் எடுத்துக்காட்டு சைவ உரைகளிற் பெருவழக்கு.

இவ்வொற்றுமை கடவுளிலக்கணங் கூறுமிடத்து மேலும் தெளிவாகும். தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்த ஞானோபதேசத்திற் சருவேசுரனுக்கு ஆறு இலட்சணங்கள் கூறப்படும். அவற்றுள் முதலாவது, அவர் பிறிதொன்றாலன்றித் தாமாகவே இருப்பவர் என்பது. சைவாகமத்தின் வழியதாகப் பரிமேலழகர் காட்டும் எண்குணங்களுள் முதலாவது தன்வயத்தனாதல். கீழ்க்கரை மதுரசாக்களிலே ஓதப்பெறும் அஷ்அரிய மரபின் இருபது சிபத்துக்களுள் ஒன்று, அல்லாஹ் பிறிதொன்றின் தேவையின்றித் தன்னிலே நிலைத்திருத்தல் என்பதாகும். ஒருவரை ஒருவர் மறுத்து நூல் எழுதிய மூன்று சமயத்தாரின் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே பாடத்தை வேறு வேறு சொற்களால் ஒப்புவித்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நியாயம் தமிழ் பேசியமை

மேனாட்டுத் தருக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் தத்துவபோதகர் எனப்பட்ட ரொபேட் டி நோபிலி (1577–1656) ஆவார். உரோமாபுரியில் அக்குவைனாசின் நெறியிற் பயின்ற அவர், 1606-இல் மதுரையை அடைந்தார். தம் வாழ்வின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலும் சில காலம் வாழ்ந்தார். திருமறையின் மறைபொருள்களை எடுத்த எடுப்பிற் புகட்டாது, உலகைக் கண்டு காரணனை உணரும் அறிவின் வழியே மாணாக்கரை நடத்திச் செல்வதே அவரது ஞானோபதேச முறை. அம்முறைக்கு ஆன்மா, காரணம், வியாபகம் முதலாய சொற்கள் முன்னரே தமிழ்ச் சமயநெறிகளிற் பண்பட்டுக் கிடந்தமை பெருந்துணையாயிற்று.

இலங்கையில் இப்பணியைத் தொடர்ந்தவர் கோவா நாட்டுக் குரவர் யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742). ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலே, 1705-இல் இலங்கை வந்த அவர், தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை யாத்தார். அச்சகம் கையில் இல்லாத அக்குரவரின் நூல்கள் ஏட்டுப் பிரதிகளாகவே கைமாறின. அரசின் ஆதரவோடு நின்ற சமயத்தைக் காட்டிலும் அரசால் ஒடுக்கப்பட்ட சமயம் தன் நம்பிக்கைக்குக் காரணம் கூறுவதில் மிகுந்த கவனம் செலுத்தியது வியப்பன்று.

பாடசாலையும் வாதமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை மாறியது. 1814 யூன் 29-ஆம் நாள் காலியில் இறங்கிய வெஸ்லியன் மெதடிஸ்த தொண்டருள் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு நிறையுமுன்னரே, 1815-இல், நோயுற்று இறந்தார். எனினும், அச்சில மாதங்களிற் பாடசாலைகள் தொடங்கப்பெற்றிருந்தன. அவர் வழிவந்தோரின் பணி தென்புறமாகப் பரவிக் கல்முனையையும் எட்டியது. கீழைக் கரையில் மெதடிஸ்தம் ஊன்றியது தருக்க மேடையிலன்று, பாடசாலை வாங்கிலே எனலாம்.

கல்வியே நம்பிக்கைக்கு வழிகோலும் என மிசனரிமார் எதிர்பார்த்தனர். இதற்கு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரி தக்க சான்று. 1829-இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் பற்றிப் பஞ்சாங்கம் கணித்தது பிழை என்பதை அச்செமினரியின் அதிபர் டானியல் பூவர் கணிதத்தால் எடுத்துக் காட்டினார். கிரகணம் அவர் கூறியவாறே நிகழ்ந்தது. மாணவர் வானியலை ஏற்றனர். ஆனால், வானியலை ஏற்றோர் அனைவரும் கிறித்தவத்தை ஏற்றாரல்லர். எதிர்பார்த்த அளவு மதமாற்றம் நிகழாமை காரணங்களுள் ஒன்றாக 1855-இற் செமினரி மூடப்பட்டது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தும் பின்னர் சைவரானார். ஒரு சமயத்தின் பஞ்சாங்கப் பிழை மற்றொரு சமயத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பதை அம்மாணவர் உணர்ந்திருந்தனர் போலும்.

வாதப் போரும் இருமுனைப்பட்டதாயிற்று. பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழிப்போர் தம் வேதத்தின் பழைய ஏற்பாட்டிலே அவற்றை ஒத்த கிரியைகள் விதிக்கப்பட்டிருத்தலை நோக்குதல் வேண்டும் என வாதிட்டார். இஸ்லாமியர் மத்தியிலோ மிசன் பாடசாலைகள் பற்றிய அச்சம் நிலவியது. அவ்வச்சத்துக்கு விடையாகத் தம் சமூகமே பாடசாலைகளை அமைத்தல் வேண்டுமென அறிஞர் சித்திலெப்பை 1882-இல் தொடங்கிய முஸ்லிம் நேசன் வாயிலாக இடையறாது எழுதினார்.

கல்முனைப் பகுதி இவ்வரலாற்றுக்குத் தந்த சிறந்த உதாரணம் சுவாமி விபுலாநந்தர் (1892–1947). காரைதீவிற் பிறந்த அவர், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். கத்தோலிக்கக் கல்லூரிகளிற் கற்பித்தார். இறுதியில் இராமகிருஷ்ண சங்கத் துறவியானார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். மதம் மாற்றுதலே நோக்கமாயின் அவ்வாசிரியர்கள் தோற்றனர். கடவுளை நாடும் ஓர் உள்ளத்தைக் கல்வியால் விரிவுறச் செய்தலும் நோக்கமாயின் அவர்கள் தோற்றனர் எனக் கூறுதல் இயலாது.

கிறித்தவத்தின் சிறப்பு நியாயம்

காரண காரிய நியாயம் மூன்று சமயத்துக்கும் பொதுவாயின், கிறித்தவர் தமக்கே உரியதாகக் காட்டுவது யாது? அது வரலாறு. படைத்தவன் படைப்பினுள் மனிதனாய்ப் பிறந்து, பொந்தியு பிலாத்து என்னும் உரோம ஆளுநன் காலத்திற் சிலுவையில் இறந்து, உயிர்த்தெழுந்தான் என்பது அவர்களது கூற்று. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், ஆய்வாளர் கருத்துப்படி, அந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எழுந்தது. உயிர்த்த இயேசுவைக் கண்டோரின் நிரலை அது தருகின்றது. அஞ்சி ஓடிய சீடர் பின்னர் அஞ்சாது நின்றமைக்கு வேறு காரணம் யாது என்பது கிறித்தவரின் வினா. சாட்சியம் உண்மையான நம்பிக்கையைக் காட்டுமேயன்றி நம்பப்பட்டது உண்மை என்பதைக் காட்டாது என்பர் மறுப்போர். ஈசா நபியைப் போற்றும் இஸ்லாமோ அவர் சிலுவையில் இறந்ததையே மறுக்கும். ஆகவே, இந்நியாயமே கிறித்தவத்தின் வலிமையும், அது அயலவரினின்று பிரியும் இடமுமாகும்.

இதனோடு இணைந்தது மன்னிப்பு என்னும் நியாயம். திருநெல்வேலி வைணவக் குடியிற் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), இரட்சணிய யாத்திரிகம் பாடியதோடமையாது, இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் உரைநடை நூலையும் எழுதினார். உலகைப் படைத்தவன் யார் என்பதிலும், பாவத்தினின்று மனிதனை மீட்பவன் யார் என்பதே அவர் உள்ளத்தை உறுத்திய வினா. குயவனைக் கண்டறிவது அறிவுக்கு நிறைவு தரலாம். உடைந்த குடத்திற்கோ வேறொரு விடை வேண்டும்.

இரு தடைகள்

அக்குவைனாஸ் தம் ஐந்து வழிகளைக் கூறுமுன் கடவுளை மறுக்கும் இரு தடைகளைத் தாமே எழுப்பினார். இயற்கையே அனைத்தையும் விளக்கப் போதுமாயின் கடவுள் எதற்கு என்பது ஒன்று. அளவிலா நன்மையுடையவன் உளனாயின் தீமை எங்ஙனம் உளதாகும் என்பது மற்றையது. எழுநூறு ஆண்டுகளின் பின்னரும் வலிமையான தடைகள் இவ்விரண்டுமே.

முதலாவதற்கு வரலாறு ஓர் எச்சரிக்கை தருகின்றது. கைக்கடிகாரத்தைக் கண்டவன் கடிகாரஞ் செய்தவனை ஊகிப்பது போல உயிர்களின் அமைப்பைக் கண்டு கடவுளை ஊகிக்கலாம் என 1802-இல் வில்லியம் பேலி எழுதினார். 1859-இல் டார்வினின் நூல் வெளிவந்ததும் அவ்வாதம் தளர்ந்தது. விஞ்ஞானம் அறியாத இடைவெளியிற் கடவுளை வைப்போர், இடைவெளி அடைபடும்போது கடவுளையும் இழப்பர். பிரபஞ்சம் ஒரு தொடக்கப் புள்ளியினின்று விரிந்தது என்னும் கொள்கையின் முன்னோடியான ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்க குரு. ஆயினும், அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டுதலை அவர் விரும்பவில்லை. உலகம் எவ்வாறு மாறுகின்றது என்பது விஞ்ஞானத்தின் வினா. உலகம் ஏன் உளதாயிருக்கின்றது என்பது வேறொரு வினா.

இரண்டாவது தடை நூலிலிருந்து அன்று, கடலிலிருந்து கல்முனைக்கு வந்தது. 1755 நவம்பர் 1-இல், சகல புனிதர் திருநாளன்று, லிஸ்பன் நகரைப் பூகம்பம் அழித்தபோது ஐரோப்பிய அறிஞர் கடவுளின் நன்மையை ஐயுற்றனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், பௌத்தருக்குப் பூரணை தினமான அந்த ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை இக்கரையை மோதியது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என எவ்வூரும் எச்சமயமும் விலக்கப்படவில்லை. அதற்கு முந்திய இருபதாண்டுகளில் இதே ஊர்களில் இனமோதலால் இறந்தோரும் பலர். கடல் செய்ததற்கு இயற்கையைக் காரணங் கூறலாம். கடவுளை நம்புவோர் கடவுளை நம்புவோரைக் கொன்றதற்கு மனிதனையன்றி யாரைக் கூறுவது?

சுதந்திரம் உள்ள இடத்திலேயே தீமைக்கும் இடமுண்டு என்னும் கிறித்தவ விடை கொலைக்குப் பொருந்தலாம், அலைக்குப் பொருந்தாது. பிள்ளையை இழந்த தாயிடம் ஐந்து வழிகளையும் எடுத்துரைத்தல் அறிவுடைமையுமன்று, அன்புடைமையுமன்று. விவிலியத்தின் யோபு நூலிலும் துயரத்துக்குக் காரணங் கூற வந்த நண்பர்களே கடிந்துகொள்ளப்படுகின்றனர். கிறித்தவத்திடம் எஞ்சுவது விளக்கம் அன்று. துன்பத்தை வெளியே நின்று நோக்காது, சிலுவையில் அதனுட் புகுந்த கடவுள் என்னும் அறிவிப்பே அது. இதனை நிறுவ இயலாது. ஆனால், துயருற்றோர் பக்கத்தில் இருப்பதன் வாயிலாக நம்பத்தக்கதாக்க இயலும். அலை வடிந்த நாட்களிற் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பாடசாலையும் யார் எச்சமயத்தார் என வினவாது அகதிகளுக்குக் கதவு திறந்தமை எந்தத் தருக்க நூலிலும் இடம்பெறாத நியாயமாகும்.

முடிவுரை

தனித்தனியே முடிவு தராத பல நியாயங்கள் ஒன்றுகூடி உள்ளத்தை உறுதிக்கு இட்டுச்செல்லும் என ஜோன் ஹென்றி நியூமன் 1870-இல் எழுதினார். கீழைக் கரையின் வரலாறும் அதனையே உணர்த்துகின்றது. உலகின் காரணத்தை நோக்கும் நியாயம் கிறித்தவரைச் சைவரோடும் இஸ்லாமியரோடும் இணைக்கின்றது. வரலாற்று நியாயம் அவர்களை வேறுபடுத்துகின்றது. வாழ்வின் நியாயமோ அனைவரையும் ஒரே தராசில் நிறுக்கின்றது. முன்னிரண்டையும் வாதத்தால் வெல்லலாம் அல்லது தோற்கலாம். மூன்றாவதில் வாதிடுவோனின் சொல் எடுபடாது. அவன் அயலவனே அங்கு சாட்சி. மூன்று சமயத்தாரும் ஒரே கடற்காற்றைச் சுவாசிக்கும் கல்முனையிலே, கடவுள் உண்டோ என்னும் வினாவுக்கு விடை பகரும் பொறுப்பு ஒவ்வொரு சமயத்தானிடமும் அவன் அடுத்த வீட்டாரால் ஒப்படைக்கப்பட்டுள்ளது எனலாம்.