மூத்தோர் பேச்சுப் பதிவில் குரல் விலகினால்...

கிராஞ்சி போர் நினைவிடத்தில், கல்லறை எங்கென்று அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் இந்தியர்களும் பலர். அப்போரைக் கண்ட மூத்தோர் குறைந்து வருவதால், அவர்கள் பேசும் ஒவ்வொரு பதிவும் முக்கியம்.

காணொளியைத் தொகுக்கும்போது உதட்டசைவும் குரலும் போகப் போக விலகுகின்றனவா? பல கைப்பேசிகள் வினாடிக்கு ஒரே எண்ணிக்கையில் படச்சட்டங்களைப் பதிவதில்லை. சில தொகுப்பு மென்பொருள்கள் அதில் தடுமாறும்.

மூலக் கோப்பை அப்படியே பாதுகாத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கட்டளை வரியில் இயங்கும் ‘எஃப்எஃப்எம்பெக்’ எனும் இலவச மென்பொருள் மூலம், நகலை வினாடிக்கு 30 சட்டம் எனச் சீராக்கிய பிறகு தொகுக்கலாம்.

தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு இடைவெளி இருந்தால், ஒலியை மட்டும் அந்த அளவுக்கு முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும்.