வார்த்தை இல்லாத பாட்டு: சுமத்ரா முகாமில் ஒரு குரல் இசைக்குழு

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். பசியில சாகிற நிலைமையில இருக்கிறவங்களுக்குப் பாட்டு எதுக்கு?

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பான் படையிடம் வீழ்கிறது. அதற்கு முந்தைய சில நாட்களில் பெண்களும் குழந்தைகளும் கப்பல்களில் தப்பி ஓடுகிறார்கள். பல கப்பல்கள் பங்கா ஜலசந்தி பக்கம் குண்டுவீச்சில் மூழ்கிவிடுகின்றன. உயிரோடு கரையேறியவர்களில் பலர் கடைசியில் போய்ச் சேர்ந்தது சுமத்ராவின் பாலெம்பாங்கில் இருந்த கைதி முகாமுக்கு. பிரிட்டிஷ் பெண்கள், ஆஸ்திரேலிய நர்சுகள், டச்சுக் குடும்பங்கள் எல்லாருமே அங்கே அடைபட்டுக் கிடந்தாங்க. அரைவயிற்றுச் சோறு, மலேரியா, மருந்து இல்லை.

இதுல ரெண்டு பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒருத்தர் மார்கரெட் டிரைபர்க், சிங்கப்பூரில் இருந்த மிஷனரி. இன்னொருத்தர் நோரா சேம்பர்ஸ், லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தவர்.

1943-ல் இவங்களுக்கு ஒரு யோசனை வருது. முகாமில் ஆர்கெஸ்ட்ரா நடத்தலாம். ஆனா வாத்தியம் கிடையாது. நம்ம பாஷையில சொன்னா ஹார்டுவேரே இல்லை! அதனால வயலின் வாசிக்கிறதையும் பியானோ வாசிக்கிறதையும் தொண்டையிலேயே கொண்டு வரணும். டிரைபர்க் தன் நினைவிலிருந்தே டுவோர்ஷாக், பீத்தோவன், ஷோபான் இசையை எல்லாம் பெண்களின் நான்கு குரல்களுக்காகப் பிரித்துக் கையால் எழுதினார். நோரா பயிற்சி கொடுத்தார். பாட்டில் வார்த்தையே கிடையாது, வெறும் ஓசைதான். அதனால டச்சு பேசுறவங்களும் ஆங்கிலம் பேசுறவங்களும் ஒரே வரிசையில உட்கார்ந்து பாட முடிஞ்சது.

1943 டிசம்பர் 27, முதல் நிகழ்ச்சி. சுமார் முப்பது பெண்கள். நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்துகொண்டே பாடினார்கள். கூட்டத்தைத் தடுக்கக் கத்திக்கொண்டே வந்த காவலாளி, பாட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டதாகப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கேயே கதையை முடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா வரலாறு அங்கே முடியலை. அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்தக் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள். குரல்கள் குறையக் குறைய நிகழ்ச்சிகளும் நின்றன. 1945 ஏப்ரலில் டிரைபர்க்கும் இறந்தார். போர் முடிய இன்னும் நாலே மாசம்.

அப்போ பாட்டு யாரைக் காப்பாத்துச்சு? மலேரியாவுக்குப் பாட்டு மருந்து இல்லை, அதை ஒத்துக்கத்தான் வேணும். ஆனா சேர்ந்து பாடுறது எப்படி நடக்குதுன்னு பாருங்க. நீண்ட சுரத்தை ஒரே ஆளால பிடிச்சு வைக்க முடியாது. நீங்க மூச்சு வாங்கும்போது பக்கத்துல இருக்கிறவர் அதைத் தாங்கணும், அவர் வாங்கும்போது நீங்க தாங்கணும். அதுக்குப் பக்கத்துக் குரலைக் கேட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு கைப்பிடி சோறுக்கே சண்டை வரக்கூடிய இடத்துல, கொஞ்ச நேரம் இன்னொருத்தியோட மூச்சைக் கவனிக்கிறது சின்ன விஷயமா? அந்த நேரத்துக்கு அவங்க வெறும் கைதிகள் இல்லை. அவங்க இல்லேன்னா பாட்டுல ஒரு குரல் குறையும்.

அந்தக் கையெழுத்துத் தாள்கள் பிழைத்தன. 1980-ல் அவை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் பல பெண்கள் குழுக்கள் அவற்றைப் பாடுகின்றன. பதிவு கிடைச்சா ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. கேட்கிறதைத் தனியாக் கேட்கலாம். ஆனா அந்தத் தாள்ல இருக்கிறதைப் பாடணும்னா குறைஞ்சது நாலு பேர் வேணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.