நம் முன்னோர் நடந்த பாதைகள்

யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும், பணிபுரிந்த குருக்களின் வரிசையும் இடம் பெறுவது வழக்கம். அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காணலாம். நாம் இங்கே கூற விழைவது, நம் பழம்பெரும் புதுவை நகரிலிருந்து நம் மக்கள் ஒரு நாளும் பல நாளுமாய்ப் போய்வந்த பயணங்களைப் பற்றியாகும்.

பழைய கோட்டை மதிலின் தடத்திலேதான் இன்றைய புல்வார் வீதிகள் நகரைச் சுற்றி ஓடுகின்றன. அந்த வளையத்தைத் தாண்டி மேற்கே சென்றால் நெல்லித்தோப்பு, ரெட்டியார்பாளையம், அதன்பின் வில்லியனூர். லூர்து நகரில் தேவதாய் காட்சி தந்தது 1858-ம் ஆண்டில். இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே, 1877-ல், பிரான்சிலிருந்து வந்த சுரூபம் வில்லியனூரில் நிறுவப்பட்டது. 1886-ல் திருத்தந்தை 13-ம் சிங்கராயரின் பெயரால் அன்னைக்கு முடிசூட்டு நிகழ்ந்தது. 1879-ல் விழுப்புரம் இரயில் பாதை திறக்கப்பட்டபின் வண்டியேறிச் செல்லவும் வழி பிறந்தது. ஆயினும் பாஸ்கு திருநாளை அடுத்து வரும் பெருவிழாவிற்குச் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தே செல்வதை நம் மக்கள் விட்டுவிடவில்லை.

தொலைதூரப் பயணங்களும் உண்டு. விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னையின் ஆலயம் ஒன்று. 1962-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட வேளாங்கண்ணி மற்றொன்று. அந்நாளில் தெற்கே போவது எளிதன்று. பிரெஞ்சு மண்ணும் பிறர் மண்ணும் துண்டு துண்டாய்க் கலந்து கிடந்ததால் வழியெங்கும் எல்லைகள் குறுக்கிட்டன. 1954 நவம்பர் 1-ம் நாள் புதுவை இந்தியாவோடு இணைந்த பிறகே அத்தடைகள் நீங்கின.

ஆனால் மிக அருகில் இருந்தும் நாம் மறந்துவிட்ட இடம் ஒன்று உண்டு. அது அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அங்கு அகழ்ந்தபோது இத்தாலி நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் வெளிப்பட்டன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் கரைக்கும் உரோமை உலகுக்கும் இருந்த வாணிபம் அதனால் விளங்கிற்று. இதனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

அங்கே ஆற்றோரம் நிற்கும் செங்கல் தூண்களை மட்டும் உரோமர் கட்டியவை என்று எண்ணிவிடக் கூடாது. அவை குருமடத்தின் இடிபாடுகள்! 1665-ல் சீயம் நாட்டின் அயுத்தியாவில் பாரீசு மறைபரப்புச் சபையார் தொடங்கிய குருமடம், பர்மியப் படையெடுப்பால் இடம்பெயர்ந்தது. கம்போடிய எல்லையருகே ஹோன் தாத்தில் அடைக்கலம் புகுந்தும் அமைதி கிட்டவில்லை. 1770-ல் அதன் தலைவர் பிஞ்ஞோ சுவாமியார் தம் மாணவரோடு கடல் கடந்து புதுவை வந்து, வீராம்பட்டினம் பக்கம் குருமடத்தை மீண்டும் நிறுவினார். அவரே 1774-ல் சாந்தோமில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். 1781 வரை அக்கல்வி இங்கே நடந்தது. பின்னாளில் பினாங்கில் அது புத்துயிர் பெற்றது.

சிந்தித்துப் பாருங்கள். சீயம், கொச்சின் சீனா, சீனம் ஆகிய நாடுகளின் இளைஞர்கள், தாய்நாட்டில் வேதம் துன்புற்ற நாளில், நம் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் தென்னை நிழலில் இலத்தீன் பயின்றார்கள். அவர்களுக்கு இடமளித்த மண் நம்முடையது. அம்மண்ணின் பெருமையை நம் பிள்ளைகள் அறியாதிருந்தால் குறை பிள்ளைகளுடையதன்று. சொல்லிக் கொடாத பெரியோருடையது. பெயர்ந்து விழும் செங்கல்லை அரசு காக்கட்டும். அதன் கதையைக் காக்க வேண்டியவர்கள் நாம்.

இன்று வாடகை வேனில் ஒரே இரவில் வேளாங்கண்ணி போய்த் திரும்புகிறோம். அது தவறன்று, அன்னையின் வாசல் எல்லார்க்கும் திறந்தே இருக்கிறது. ஆயினும் விரைவில் போய் விரைவில் வந்தால் வழி மனத்தில் தங்குவதில்லை. ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒரு ஞாயிறு பிற்பகல், ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோரே அரிக்கமேட்டுக்கு அழைத்துச் செல்வார்களாக. அத்தூண்களின் அடியில் நின்று, அயல்நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்த அந்த மாணவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லட்டும். திரும்பும் வழியில் அரியாங்குப்பம் ஆரோக்கிய அன்னையின் ஆலயத்தில் சற்றே முழந்தாளிடட்டும்.

வழிநடக்கும் திருச்சபையின் மக்கள் நாம். நம் வீட்டுப் பக்கத்து வழியையும் அறிந்து நடக்க இறைவன் அருள் புரிவாராக.