திமிஷ்க் கண்ட தாஊன்: ஓர் ஊர்வலமும் இரு சாட்சியங்களும்

ஹிஜ்ரீ 749ஆம் ஆண்டு ரபீஉல் ஆகிர் மாத இறுதி, கி.பி. 1348 ஜூலை. திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரில் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும் என்றும், பகற்பொழுதில் கடைவீதிகளில் உணவு சமைக்கக் கூடாது என்றும் மம்லூக் ஆளுநர் அர்கூன் ஷா பறைசாற்றச் செய்தார். நோன்பு நிறைவுற்றதும் அமீர்களும் ஆலிம்களும் பொதுமக்களும் உமையாப் பெரும்பள்ளியில் கூடி இரவெல்லாம் தொழுது, விடிந்ததும் குர்ஆன் பிரதிகளை ஏந்தி, வெறுங்காலுடன் நகரின் தெற்கே இருந்த மஸ்ஜிதுல் அக்தாம் நோக்கிச் சென்றனர். யூதர்கள் தவ்ராத்துடனும் கிறிஸ்தவர்கள் இன்ஜீலுடனும் தம் மனைவி மக்களோடு அதே திசையில் நடந்தனர்.

இக்காட்சியை நேரில் கண்டு பதிவு செய்தவர் பயணி இப்னு பதூதா. அந்தப் பிரார்த்தனையின் பயனாக இறைவன் நோயின் கடுமையைத் தணித்தான் என்பது அவருடைய முடிவு. திமிஷ்கில் ஒரு நாளின் உச்ச இறப்பு இரண்டாயிரத்தைத் தொட்டபோது கெய்ரோவில் அது இருபத்து நான்காயிரத்தை எட்டியது என்று அவர் ஒப்பிட்டுக் காட்டுகிறார். எனினும் இதே ஊர்வலத்தைப் பற்றி இதற்கு நேர்மாறான சாட்சியம் ஒன்றும் நம் நூல்களில் உள்ளது. மக்கள் திரண்டு சென்று துஆச் செய்த பின்னரே நோய் முன்னினும் கடுமையாயிற்று என்பது அது. ஹதீஸ் கலையின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) இதனைத் தம் நூலில் எடுத்தாள்கிறார்.

ஒரே ஊர்வலம், இரு முடிவுகள். இடைக்கால இஸ்லாமிய உலகம் கொள்ளைநோயை எதிர்கொண்ட வரலாற்றை விளங்கிக்கொள்ள இம்முரண்பாட்டை விடச் சிறந்த வாயில் வேறில்லை என்று நாம் கருதுகிறோம்.

நோய் வந்த வழி

பிளேக் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்தார். எலிகளிடமிருந்து மனிதருக்கு அதனைக் கொண்டு சேர்ப்பது தெள்ளுப்பூச்சி என்பதை 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோந்த் சோதனை மூலம் காட்டினார். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி வீங்குவது இதன் ஒரு வகை. நுரையீரலைத் தாக்கி மூச்சின் வழியே நேரடியாகப் பரவுவது மற்றொரு வகை. பதினான்காம் நூற்றாண்டு மாந்தர் இவ்விரு வகைகளின் அறிகுறிகளையும் கண்டனர். காரணத்தை அறிய வழியின்றி இருந்தனர்.

கிர்கிஸ்தானில் இஸ்ஸிக் குல் ஏரிக்கு அருகே, 1338, 1339ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கிறிஸ்தவக் கல்லறைகளில் கிடைத்த பற்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள், அவற்றில் இந்நுண்ணுயிரின் எச்சங்கள் இருப்பதை 2022இல் வெளியிட்டனர். அங்கிருந்து வணிகப் பாதைகள் வழியே மேற்கே வந்த நோய், 1346இல் கருங்கடற் கரையின் கஃபா நகரையும், 1347இல் கான்ஸ்டான்டிநோபிளையும், அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் அலெக்சாந்திரியாவையும் அடைந்தது. 1348இல் காஸா, திமிஷ்க், ஹலப், தூனிஸ், அல்மரிய்யா என ஒவ்வொரு நகரமாக வீழ்ந்தது. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் கெய்ரோ அதன் உச்சத்தைக் கண்டது. முந்தைய ஆண்டுகளில் இப்னு பதூதா மதுரைச் சுல்தானகத்தில் கண்டெழுதிய கொள்ளைநோய், இரண்டு மூன்று நாட்களில் உயிரைப் பறித்ததாயினும், அதுவும் இதே நோய்தான் என்று கொள்ளப் போதிய சான்று இல்லை.

எத்தனை பேர் மாண்டனர்? இப்னு பதூதாவின் இருபத்து நான்காயிரம் என்ற எண்ணை இன்றைய ஆய்வாளர்கள் மிகையெனக் கருதுகின்றனர். திமிஷ்கிலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னு கஸீர் (ரஹ்) தம் நகரின் அன்றாட இறப்புகளை நூறுகளிலேயே பதிகிறார். ஆயினும் எகிப்து, ஷாம் பகுதிகளின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்திருக்கலாம் என்பது 1977இல் இப்பொருள் குறித்து விரிவான நூல் வெளியிட்ட மைக்கேல் டோல்ஸின் மதிப்பீடு. தனிமனிதர்களின் இழப்போ எண்களுக்கு அப்பாற்பட்டது. தூனிஸில் பதினேழு வயதை எட்டாத இப்னு கல்தூன் தம் பெற்றோர் இருவரையும் இழந்தார். இப்னு பதூதா தாயகம் திரும்பும் வழியில் தம் தாயாரும் இந்நோயால் இறந்த செய்தியைக் கேட்டார். ஹலபில் இக்கொள்ளைநோயைப் பற்றி ஓர் உரைநடைச் சித்திரம் தீட்டிய இப்னுல் வர்தீ, 1349 மார்ச்சில் அந்நோய்க்கே இரையானார்.

உமர் (ரலி) வகுத்த முன்மாதிரி

இந்நோயைச் சந்தித்த ஆலிம்களின் கையில் வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. ஹிஜ்ரீ 18ஆம் ஆண்டளவில் ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் தோன்றியபோது, அங்குச் சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) ஸர்ஃ என்னுமிடத்தில் தோழர்களைக் கூட்டி ஆலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார். இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவினார். ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்துப்பட உமர் (ரலி) விடையிறுத்தார். அப்போது அங்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நோயுள்ள ஊரில் இருந்தால் அதிலிருந்து தப்பியோடாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டிருப்பதாக அறிவித்தார். அபூ உபைதா (ரலி) அவர்களும் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அந்நோயிலேயே மறைந்தனர். பின்னர் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளுக்குக் கலைந்து செல்லச் செய்தார், நோய் தணிந்தது.

மற்றொருபுறம், தாஊனில் இறக்கும் நம்பிக்கையாளருக்கு ஷஹீதின் தகுதி உண்டு என்பதும், தொற்று என்று தானாக இயங்கும் ஆற்றல் ஏதுமில்லை என்பதும் ஹதீஸ்களில் வந்துள்ளன. நோயுள்ள ஒட்டகத்தை நலமுள்ள ஒட்டகத்திடம் கொண்டு செல்லலாகாது என்பதும் ஹதீஸே. இவற்றை எவ்வாறு இணைத்துப் புரிந்துகொள்வது என்பதே அன்றைய விவாதத்தின் மையம். அது நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் இடையிலான பூசல் அன்று; ஒரே மரபுக்குள் நிகழ்ந்த ஆய்வு.

அந்தலுஸின் மருத்துவர்கள்

ஸ்பெயினின் அல்மரிய்யா நகரில் வாழ்ந்த இப்னு காத்திமா, நோய் அங்கே பரவிக்கொண்டிருக்கையிலேயே 1349 தொடக்கத்தில் தம் நூலை எழுதினார். இறந்தோரின் ஆடைகளும் படுக்கைகளும் விற்கப்பட்ட சந்தையில் வணிகம் செய்தோர் பெரும்பாலும் மாண்டதை அவர் கவனித்திருந்தார். நோயாளியை நெருங்கியவருக்கு அதே அறிகுறிகள் தோன்றுவதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. எனினும் இதற்கான காரணத்தை இறைவனின் நாட்டத்தோடு பொருத்திச் சொல்வதில் அவர் மிகுந்த எச்சரிக்கை காட்டினார்.

கிரனடாவின் அமைச்சரும் மருத்துவருமான லிஸானுத்தீன் இப்னுல் கத்தீப் (1313-1374) மேலும் ஓரடி முன்சென்றார். தொற்று உண்டு என்பது அனுபவத்தாலும் ஆய்வாலும் புலனறிவாலும் தொடர்ந்து வரும் செய்திகளாலும் உறுதியானது என்று அவர் வாதிட்டார். ஓர் ஆடையோ பாத்திரமோ காதணியோ கூட ஒரு வீட்டுக்குள் மரணத்தைக் கொண்டு சேர்த்ததையும், நலமாக இருந்த துறைமுகத்தில் நோயுற்றவர் வந்திறங்கிய பின் நோய் தோன்றியதையும், ஒதுங்கி வாழ்ந்தோர் தப்பியதையும் சான்றாக வைத்தார். வழிவழி வந்த ஓர் ஆதாரத்தின் வெளிப்பொருள் ஐயமற்ற புலனறிவுக்கு மாறாகத் தோன்றினால் அதற்கு விளக்கம் காண வேண்டும் என்பது அவர் முன்வைத்த நெறி. நுண்ணோக்கி தோன்றுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல் இது.

இப்னு ஹஜரின் எண்கள்

இப்னு ஹஜர் (1372-1449) இதற்கு மறுமுனையில் நின்றவர். தொற்றுக் கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை. ஜின்களின் குத்துதலே தாஊனுக்குக் காரணம் என்ற ஹதீஸ் விளக்கத்தையே அவர் வலியுறுத்தினார். கொள்ளைநோய் அவருக்கு ஏட்டுப் பொருளும் அன்று. ஹிஜ்ரீ 819இல் இரு மகள்களையும், 833இல் கருவுற்றிருந்த மூத்த மகளையும் அவர் இந்நோய்க்குப் பறிகொடுத்தார். தாஊனைப் பற்றி அவர் எழுதிய 'பத்லுல் மாஊன்' என்னும் நூலை அந்த 833ஆம் ஆண்டில்தான் நிறைவு செய்தார்.

அவ்வாண்டு கெய்ரோவில் நடந்ததை அவர் இவ்வாறு பதிகிறார்: நோய் தோன்றியபோது நாளொன்றுக்கு இறந்தோர் நாற்பதுக்கும் குறைவு. மழைத் தொழுகைக்குச் செய்வது போல் மூன்று நாள் நோன்பு அறிவிக்கப்பட்டு, மக்கள் ஜமாதுல் அவ்வல் நான்காம் நாள் பாலைவெளியில் ஒன்றுகூடித் துஆச் செய்து திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் அன்றாட இறப்பு ஆயிரத்தைக் கடந்தது.

இக்கூட்டத்தை அவர் மறுத்ததற்குக் காரணம் தொற்று அச்சம் அன்று. ஸஹாபாக்கள் அம்வாஸில் இவ்வாறு கூடவில்லை, எனவே இது பித்அத் என்பதே அவர் வாதம். ஆயினும் அவர் எண்ணினார். நாளையும் தொகையையும் குறித்து வைத்தார். அவருடைய விளக்கத்தை ஏற்காத ஒருவருக்கும் அவருடைய எண்கள் பயன்படுகின்றன. நுரையீரல் வகைப் பிளேக் நெருக்கமான கூட்டத்தில் எளிதாகப் பரவக்கூடியது என்பதை அறிந்த நாம், அவ்வரிகளை வேறொரு கண்ணோடு படிக்கிறோம். ஒரு மாதத்துள் நேர்ந்த பெருக்கம் முழுவதற்கும் அந்த ஒரு கூட்டமே காரணம் என்று சொல்வதும் பொருந்தாது. வளர்ந்துவரும் நோய் கூட்டமின்றியும் வளர்ந்திருக்கும். இப்னு பதூதாவின் முடிவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எஞ்சிய உலகம்

நோய் ஒருமுறை வந்து போய்விடவில்லை. தலைமுறைதோறும் திரும்ப வந்தது. ஐரோப்பாவிலும் எகிப்திலும் உழைப்போர் தொகை சரிந்தது. ஆனால் விளைவுகள் ஒன்றாக இல்லை. இங்கிலாந்தில் கூலி உயர்ந்தது, பண்ணையடிமை முறை தளர்ந்தது. எகிப்திலோ வேளாண்மை முழுவதும் நைல் வெள்ளத்தைப் பகிர்ந்தளிக்கும் கால்வாய்களையும் கரைகளையும் நம்பியிருந்தது. அவற்றைத் தூர்வாரிக் காக்கும் கைகள் குறைந்ததும் நிலம் பாழாயிற்று. வருவாய் குன்றிய மம்லூக் பிரபுக்கள் எஞ்சிய உழவரை மேலும் கசக்கினர். இவ்வேறுபாட்டை ஸ்டூவர்ட் போர்ஷ் 2005இல் வெளியிட்ட ஒப்பாய்வு நூல் விளக்குகிறது. நகரங்கள் வெறுமையாகி நாகரிகமே உருமாறியதை நேரில் கண்ட இப்னு கல்தூன், அம்மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டிய தேவையைத் தம் 'முகத்திமா'வின் (1377) நோக்கங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறார்.

மற்றொன்றும் நம் கவனத்துக்குரியது. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற பொய்ப்பழியால் யூதர்கள் நூற்றுக்கணக்கில் எரிக்கப்பட்டனர். போப் ஆறாம் கிளமெண்ட் அப்பழியை மறுத்து ஆணைகள் விடுத்தும் வெறி அடங்கவில்லை. திமிஷ்கில் அதற்குச் சில மாதங்களுக்கு முன் மூன்று சமயத்தவரும் ஒரே சாலையில் நடந்து சென்றனர். மம்லூக் ஆட்சியில் பிற சமயத்தார் மீது கெடுபிடிகள் இருந்த காலங்கள் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொள்ளைநோயின் பழியை அவர்கள் தலையில் சுமத்தும் எண்ணம் அங்கே வேரூன்றவில்லை. நோய் இறைவனிடமிருந்து வருவது என்ற நம்பிக்கை, மனிதரில் குற்றவாளியைத் தேடும் வெறிக்கு இடங்கொடுக்காததும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

2020இல் கொரோனாக் காலத்தில் உலகெங்கும் பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகை நிறுத்தப்பட்டபோதும், ஹஜ்ஜுக்கு மிகச் சிலரே அனுமதிக்கப்பட்டபோதும், இது ஈமானின் தளர்ச்சி என்று சிலர் வருந்தினர். அவர்களுக்கு ஸர்ஃ என்ற இடத்தில் நின்று திரும்பிய உமர் (ரலி) அவர்களின் காலடிச் சுவடுகளை நினைவூட்டலாம். கூட்டத்தைத் தவிர்ப்பதும் துஆவைக் கைவிடுவதும் ஒன்றல்ல. அந்தலுஸின் மருத்துவர் கண்டதை எழுதினார். கெய்ரோவின் முஹத்திஸ் தம் மகள்களை அடக்கிய கையால் எண்ணியதை எழுதினார். இருவரும் தத்தம் முடிவுகளில் வேறுபட்டனர். ஆனால் கண்ணால் கண்டதை மறைக்கவில்லை. அவர்களிடமிருந்து நாம் பெற வேண்டிய முதற்பாடம் அந்நேர்மையே.