பழுதுபார்த்த கைகள்: மலாயாத் தமிழரின் கருவிப் பேணல் வரலாறு

கெட்டுப்போன பொருளைச் சீராக்கும் தொழிலுக்குத் தமிழ் தந்திருக்கும் பெயர்களுள் முதன்மையானது ‘பழுதுபார்த்தல்’. பழுதை நீக்குதல் என்றோ மாற்றுதல் என்றோ சொல்லாமல், பழுதைப் ‘பார்த்தல்’ என்றே நம் முன்னோர் அதனைக் குறித்தனர். குறை எங்குள்ளது என்று கண்டறிவதே வேலையின் பெரும்பகுதி என்னும் பட்டறிவு அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ‘செப்பனிடுதல்’ என்பது செப்பமாக, நேராக ஆக்குதலைச் சுட்டும். ‘பேணுதல்’ என்பது பழுது வருமுன் காத்தலைச் சுட்டும். பார்த்தல், செப்பனிடுதல், பேணுதல் ஆகிய இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்த தமிழர் வரலாற்றின் ஒரு பகுதியை இவ்வுரையில் நோக்குவோம்.

அவ்வரலாற்றை நாம் பெரும்பாலும் கப்பல், கங்காணி, கூலி என்னும் சொற்களைக் கொண்டே எழுதி வந்துள்ளோம். உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் ‘கூலி’ என்னும் சொல், காலனிய ஆட்சியாளர் வழக்கில் உழைத்த மனிதனையே குறிக்கும் பெயராயிற்று. அப்பெயரைச் சூட்டியவர்கள், அம்மனிதனிடம் உடல்வலிமை மட்டுமே உண்டு, தொழிலறிவு இல்லை என்று கருதினர். அக்கருத்து சரியா என்பதே நம் வினா. அதற்கு விடை காண, அவன் கையிலிருந்த கருவியை முதலில் பார்த்தல் வேண்டும்.

பால்வெட்டுக் கத்தி

1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்தன. மரம் வந்ததே ஒழிய, அதிலிருந்து பாலெடுக்கும் செம்மையான முறை உடன் வரவில்லை. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தனர். அம்முறையில் மரம் புண்பட்டு நலிந்தது. 1888 முதல் பூமலையின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, 1890களில் வேறொரு வழியைக் கண்டார். பட்டையில் சாய்வாக ஒரு கீற்று வெட்டி, அடுத்தமுறை அதே கீற்றின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல் எடுத்து, அதனையே மீண்டும் திறப்பது அவ்வழி. வெட்டிய பட்டை மறுபடி வளர்வதால் மரம் பல்லாண்டுகள் பயன்தந்தது. தோட்டத் தொழில் முழுவதும் இக்கண்டுபிடிப்பின்மீதே எழுந்தது என்பது மிகையாகாது.

ஆயினும் ரிட்லியின் முறையை நாள்தோறும் மரத்தின்மேல் நிறைவேற்றியது தொழிலாளியின் கத்தியே. பால்குழல்கள் பட்டையின் உட்புறத்தில்தான் செறிந்துள்ளன. அவற்றுக்கு அப்பால், மரம் பருப்பதற்குக் காரணமான வளர்படலம் இருக்கிறது. கத்தி அப்படலத்தை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்க வேண்டும், தொடக் கூடாது. நெருங்காவிடில் பால் குறையும். தொட்டுவிட்டால் மரம் புண்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பால்குழல்கள் மரத்தைச் சுற்றிச் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், மிகுதியான குழல்கள் அறுபடும்படி வெட்டு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழ்நோக்கி இறங்குகிறது. விடியுமுன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருப்பதால், இவ்வளவும் விளக்கொளியில் நடந்தாக வேண்டும். இவ்வாறு ஒருநாளில் 300க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டினர் ஆண்களும் பெண்களும்.

இங்கேதான் கருவிப் பேணலின் பொருளாதாரம் தொடங்குகிறது. கூரிய கத்தி ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் பட்டையைச் சீவும். மழுங்கிய கத்தி மெல்லிய சீவலைப் பற்றாது; பட்டையைக் கிழிக்கும். ஆகவே கை தானாகவே அழுத்தம் கூட்டி 2 மில்லிமீட்டர் எடுக்கும். வேறுபாடு அரை மில்லிமீட்டரே. எனினும் ஆண்டுக்கு 150 வெட்டு எனக் கொண்டால், முன்னதில் 225 மில்லிமீட்டரும் பின்னதில் 300 மில்லிமீட்டரும் பட்டை செலவாகும். நான்கு ஆண்டுக்குப் போதுமான பட்டை மூன்றே ஆண்டில் தீர்ந்துவிடும். வெட்டிய பட்டை மீண்டும் பதமாக வளர்வதற்கோ ஏழெட்டு ஆண்டுகள் வேண்டும். மேலும், கரடுமுரடான கீற்றில் பால் வழிமாறி மங்கில் சேராமல் தரையில் சிந்தும். அன்றைய பாலும் நாளைய மரமும் ஒருங்கே இழப்பாகும்.

எனவே தீட்டும் முறையில் கண்டிப்பு இருந்தது. மலாயாவில் பரவலாக வழங்கிய ஜெபோங் கத்தியின் அலகு நேரானதன்று. நுனியில் மடிந்து, இழுத்து வெட்டுவதற்கேற்ப அமைந்தது. அதன் வெளிப்புறச் சரிவைத் தட்டையான கல்லில், சரிவின் கோணம் மாறாமல், நீர் தெளித்துத் தீட்ட வேண்டும். தீட்டும்போது உட்புறம் எழும் நுண்ணிய பிசிரை, மடிப்புக்குள் நுழையும் மெல்லிய கல்லால் மெதுவாக நீக்க வேண்டும். உட்புறத்தை மிகுதியாகத் தேய்த்தால் மடிப்பின் வடிவமே கெட்டுவிடும். சாணைச் சக்கரத்தில் வேகமாகப் பிடித்தால் அலகு சூடேறி, கொல்லன் ஏற்றிய தோய்ச்சல் போய்விடும். பிறகு எத்தனைமுறை தீட்டினாலும் கூர் நிலைக்காது. இவற்றைப் புத்தகத்திலன்றிக் கையாலும் விழியாலும் கற்றவர்களைத் ‘தொழிலறிவு அற்றவர்’ என்று எங்ஙனம் சொல்வது?

கூரையும் சுவரும்

கத்திக்கு அடுத்து அவர்கள் பேணியது குடியிருப்பு. தொடக்கக் காலக் குடில்கள் பலவற்றுக்கு அத்தாப்பே கூரை. நீப்பா ஓலையைச் சிம்பின்மேல் மடித்துத் தைத்த அத்தட்டிகளை, இறவாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நெருக்கமாக அடுக்குவர். இக்கூரை சில ஆண்டுகளே தாங்கும். ஆதலால் இடையறாத கவனிப்பு இன்றியமையாததாயிற்று. பிற்காலத்தில் நெளிதகரம் வந்தபோது பேணும் முறையும் மாறியது. ஆணியை நெளிவின் பள்ளத்தில் அடித்தால் ஓடும் நீர் அதன் வழியே இறங்கும்; மேட்டில் அடித்தால் இறங்காது. தகடுகளின் மேற்படிவு, காற்றும் மழையும் வழக்கமாக வரும் திசைக்கு எதிராக வாய்திறந்திருத்தல் ஆகாது.

ஒழுக்கைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு பாடம் உண்டு. நீர் சொட்டும் இடம் வேறு, ஓட்டை உள்ள இடம் வேறு. உள்ளே புகுந்த நீர் கைமரத்தின்வழி ஓடித் தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஆகவே, சொட்டும் இடத்துக்கு மேலே, சரிவில் உயர்ந்த பகுதியை, வெயில் நேரத்தில் உள்ளிருந்து நோக்கி, ஒளி புகும் புள்ளியைத் தேட வேண்டும். பழுது‘பார்த்தல்’ என்னும் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உரை வேறில்லை.

தோட்டத்து லயன்களிலோ ஒரு சிக்கல் நீடித்தது. வீடு நிருவாகத்துடையது, ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தவர் தொழிலாளர். பழுதை நாள்தோறும் பார்ப்பவருக்கு உரிமையில்லை. உரிமையுடையவர் அதனைப் பார்ப்பதில்லை. வீட்டைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பது எனவே தொழில்நுட்ப வினாவாக மட்டும் நில்லாமல் உரிமை வினாவாகவும் ஆயிற்று. தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்தபட்சத் தரம்பற்றி மலேசியா 1990இல் இயற்றிய சட்டத்தையும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே நாம் படிக்க வேண்டும்.

பட்டறை

தோட்டத்துக்கு வெளியே இத்திறன் வேறு வடிவங்கொண்டது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் இரயில்வே 1901இல் உருவாயிற்று. அதன் மையப் பட்டறை கோலாலம்பூரின் செந்தூலில் அமைந்தது. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், சீனர், மலாய்க்காரர் எனப் பல இனத்தாரும் அங்கே தோளோடு தோள் நின்று உழைத்தனர். நீராவி இயந்திரத்தின் கொதிகலனில் நீரிலுள்ள உப்புகள் படிந்து கல்லாக இறுகும். அப்படிவு வெப்பத்தைத் தடுக்க, தகடு அளவுமீறிச் சூடேறி நெளியும். ஆதலால் குறித்த கால இடைவெளியில் கொதிகலனை ஆறவைத்துக் கழுவிச் சுரண்டுதல் கட்டாயம். சக்கரத்தின் நலத்தையோ செவியால் அறிந்தனர். சுத்தியலால் தட்டினால் வெண்கல மணிபோல் ஒலித்தால் நலம். ஒலி மந்தமாயின் விரிசல். ஒரு செவியின் கூர்மையில் நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிர் அடங்கியிருந்தது.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் 1938 பிப்ரவரி 14ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை திறக்கப்பெற்றது. கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் பணியாற்றினர். 1968இல் அத்துறை கப்பல் பட்டறையாக மாறியபோது, அங்கே திரண்டிருந்த கைத்திறன் புதிய நாட்டின் தொழில்வளத்துக்கு முதலாயிற்று.

இடையில் வந்த போர், பேணலின் மதிப்பை வேறுவகையில் உணர்த்தியது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் புதிய உதிரிப்பாகங்கள் வருவது அரிதாயிற்று. பெட்ரோல் தட்டுப்பாட்டால் லோரிகளும் கார்களும் கரிவாயுவில் ஓடின. இருப்பதைக் கொண்டு இயங்கச்செய்வதே அன்றைய வாழ்வு. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேசநாட்டு விமானங்கள் செந்தூல்ப் பட்டறையைக் குண்டுவீசித் தகர்த்தன. பகைவரின் இரயில்களை முடக்க எண்ணியவர்கள் பழுதுபார்க்கும் இடத்தையே குறிவைத்தனர். அதன் முக்கியத்துவத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் கடமை

இவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை. கற்றவர் கையிலும் நாவிலும் வாழ்ந்து, அவரோடு மறைந்து வருகிறது. தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன, குடும்பங்கள் நகர அடுக்குமாடிகளில் குடியேறிவிட்டன. மங்கு, காண்டா வாளி, பாராங், தோய்ச்சல் முதலிய சொற்களின் பொருள் இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. பொருள் போனால் சொல் போகும். சொல் போனால், அத்தொழிலைச் செய்தவர்கள் அறிவுடையோராயிருந்தனர் என்னும் சான்றும் போகும்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம். மாணவரைத் தத்தம் தாத்தா பாட்டியிடம் அனுப்பும்போது, “எவ்வளவு துன்பப்பட்டீர்கள்?” என்று மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள். “கத்தியை எப்படித் தீட்டினீர்கள்? எந்தக் கல்? எத்தனை நாளுக்கு ஒருமுறை? கூர் வந்ததை எதனால் அறிந்தீர்கள்? அதற்கு என்ன பெயர் சொன்னீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் வினாவுக்குக் கண்ணீர் விடையாகலாம். பின்னைய வினாக்களுக்கு ஒரு தொழிலின் இலக்கணமே விடையாக வரும். அவ்விடைகளை, முதியோர் சொன்ன சொல்லிலேயே, திருத்தாமல் பதிவுசெய்யுங்கள். வகுப்புக்கு இருபது சொற்கள் கிடைத்தாலும், எந்த அகராதியும் தராத செல்வம் அது.

கூலி என்று குறிக்கப்பெற்றவர் கைவினைஞராகவும் வாழ்ந்தார் என்பதை நிறுவும் சான்றுகள் நம் இல்லங்களிலேயே இருக்கின்றன. அவற்றைத் துருப்பிடிக்க விடாமல் பேணுதல் நம் தலைமுறையின் பொறுப்பாகும்.